போளூர்ப் பாறைகளினிடையே ஓர் இரவு

காட்பாடியிலிருந்து விழுப்புரம் நோக்கிச் செல்லும் இருப்புப்பாதையில் பிரயாணம் செய்வோர், கண்ணமங்கலத்தைக் கடந்தபின் வண்டியின் சாளரத்தின் வழியே ஒரு விநோதமான காட்சியைக் காண்பர். வயல்களின் நடுவே திடீரெனக் குன்றுகள் எழுந்து நிற்கும். அவற்றின்மேல் நெற்குதிர் அளவும் வீட்டளவுமான உருண்டைப் பாறைகள், யாரோ ஓர் இராட்சதச் சிறுவன் விளையாட்டாக அடுக்கிவிட்டுப் பாதியில் எழுந்து போனாற்போல, ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும். சில, விரலால் தள்ளினால் உருண்டுவிடும் போலத் தோன்றும். போளூரில் நரசிம்மர் கோயிலைத் தாங்கி நிற்கும் சம்பத்கிரியிலும் மண்ணைக் காட்டிலும் கல்லே மிகுதி. செஞ்சிக் கோட்டைக்குச் சென்றவர்கள் இதே காட்சியை இன்னும் பெரிய அளவிற் கண்டிருப்பர்.

இக்கற்களை அடுக்கியது யார் என்பது, அவ்வழியே முதன்முறை செல்லும் எந்தச் சிறுவனும் கேட்கும் கேள்வி. பெரியவர்கள் இதற்கு விடை கூறுவதில்லை. பீமன் என்றோ பூதம் என்றோ சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவர். கடந்த தைத்திங்களில் யான் என் மனைவி மக்களுடனும் தம்பியுடனும் போளூரிலிருந்து அத்திமூர் வழியாக ஜவ்வாது மலைமீது ஏறி, இத்தகைய பாறைகளினிடையே ஓர் இரவு கூடாரமடித்துத் தங்கினேன். என் மக்களும் அக்கேள்வியைக் கேட்டனர். அவர்களுக்கு மலைமேற் பாதியும் வீட்டிற்கு வந்து பாதியுமாகக் கூறிய விடையே இக்கட்டுரை. பாறையின் வரலாற்றை அறிந்துகொள்வது கூடாரமடிப்போனுக்கு வெறும் அலங்காரக் கல்வியன்று என்பதும் அவ்விரவில் எங்களுக்கு விளங்கிற்று.

முதலில் கல்லின் இனத்தைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். வடதமிழ்நாட்டின் இப்பகுதியில் தரைக்கு அடித்தளமாயுள்ளவை நைஸ் என்னும் வரிப்பாறையும், சார்னக்கைட் என்னும் கரிய பாறையும், அவற்றினூடே புகுந்துறைந்த கருங்கல் வகைகளுமாம். இவற்றின் வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள் எனப் புவியியலார் கணக்கிடுவர். சார்னக்கைட் என்ற பெயர் வந்த விதம் வேடிக்கையானது. கல்கத்தா நகரை நிறுவியவராகக் கருதப்பெற்ற ஜாப் சார்னக் என்னும் ஆங்கிலேயரின் கல்லறைமேல் பதித்திருந்த கல்லை 1893இல் தாமஸ் ஹாலந்து என்னும் புவியியல் அறிஞர் ஆராய்ந்து, அது சென்னையை அடுத்த பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்துக் கல்லின் இனமென்று கண்டு, அவ்வினத்திற்கு அம்மனிதரின் பெயரையே சூட்டினார். ஆகவே, நம்மூர் அம்மிக்கும் ஆட்டுக்கல்லுக்கும் உறவான கல், உலகத்துப் புவியியல் நூல்களிலெல்லாம் வங்காளத்தில் மாண்ட ஒரு வர்த்தகரின் பெயரால் வழங்குகின்றது. அவருடைய பெயரோ வேதாகமத்து யோபின் பெயர். யோபின் புத்தகத்திலேயே தண்ணீர் கற்களைத் தேய்ப்பது பற்றிய பேச்சு வருகின்றது. தற்செயலான பொருத்தமாயினும் இக்கட்டுரைக்கு ஏற்றது.

இப்பாறைகள் உருவான காலத்தில் அவை தரைமீது இருக்கவில்லை. பல கிலோமீட்டர் ஆழத்தில், மேலே கிடந்த பாறைகளின் பெரும்பாரத்தின் கீழ், கடுவெப்பத்தில் இறுகின. கோடிக்கணக்கான ஆண்டுகளில் மழையும் ஆறும் மேலிருந்த பாரத்தைச் சிறிது சிறிதாக அரித்துச் சென்றன. பாரம் குறையக் குறைய, அழுத்திப் பிடித்த பஞ்சு கை தளர்ந்ததும் உப்புவதுபோலப் பாறை மேல்நோக்கி விரிந்தது. பஞ்சு போல வளையும் தன்மை அதற்கில்லையாதலின், தரைக்கு இணையாக ஏடு ஏடாக வெடித்தது. வெங்காயத்தை நெடுக்காக அரிந்து பார்த்தால் தோல்கள் ஒன்றன்கீழ் ஒன்றாய்க் கிடப்பது தெரியுமே, அதனை ஒப்பது இது. இவ்வேடுகளைக் குறுக்கே வெட்டிச் செல்லும் செங்குத்தான வெடிப்புகளும் உள. இவ்விருவகை வெடிப்புகளும் சேர்ந்து, தரைக்குக் கீழேயே பாறையைப் பெரும் பெரும் செங்கற்களாகப் பிரித்துவைத்தன. அப்போது உருண்டை வடிவம் இன்னும் பிறக்கவில்லை.

பிறகு தண்ணீர் தன் வேலையைத் தொடங்கிற்று. மழைநீர் ஆகாயத்திலும் மண்ணிலுமுள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாய் அவ்வெடிப்புகளினுட் கசிந்தது. கருங்கல்லில் முக்கியமாக மூன்று பொருள்கள் கலந்துள்ளன: வெண்மையாகவோ இளஞ்சிவப்பாகவோ தோன்றும் பெல்ஸ்பார், கண்ணாடிபோன்ற படிகக்கல், நாட்டுப்புறத்தார் காக்காப்பொன் என்று கூறும் மைக்கா. அமிலம் பெல்ஸ்பாரைக் களிமண்ணாக்கும்; மைக்காவை உப்பச் செய்யும்; படிகக்கல்லை மட்டும் பெரிதும் அசைக்கமாட்டாது. மற்றிரண்டும் கெட்டபின் படிகக்கல் மணல்மணியாய்த் தனித்து உதிரும். இவ்வாறு வெடிப்பின் இருமருங்கும் கல் மெல்ல மெல்ல மொரம்பு மண்ணாக மாறிற்று.

உருண்டை வடிவம் வந்ததற்குக் காரணம் எளியதே. ஒரு செங்கல்லை நினைத்துக்கொள்க. அதன் பக்கத்தைத் தண்ணீர் ஒரு திசையிலிருந்து தாக்கும்; விளிம்பை இரு திசைகளிலிருந்தும், மூலையை மூன்று திசைகளிலிருந்தும் தாக்கும். மூன்று பகைவர்க்கு நடுவே நிற்பவன் முதலில் வீழ்வான் அல்லவா? மூலைகள் முதலிற் கரைந்தன. விளிம்புகள் அடுத்து மழுங்கின. நடுவே எஞ்சிய கல் உருண்டையாயிற்று. வாயில் இட்ட கற்கண்டு முனை மழுங்குவதும் இவ்விதியாலேயே. என் மகளுக்குப் பாறையைவிடக் கற்கண்டே நன்கு விளங்கிற்று. மெய்ப்பித்துப் பார்க்க மேலும் இரண்டு கேட்டு வாங்கிக்கொண்டாள்.

ஆக, இவ்வுருண்டைகள் மலைமீது உருண்டு வந்தவையுமல்ல; எவராலும் அடுக்கப்பட்டவையுமல்ல. மண்ணுக்குள்ளேயே, தாம் பிறந்த இடத்திலேயே, சுற்றிலும் மொரம்பு சூழ, மாதுளைக்குள் முத்துக்கள் போல உருண்டை வடிவெய்தின. பின்னர் அம்மொரம்பைப் பெருமழைகள் வாரிக்கொண்டு போயின. இடையிலிருந்த மண் போனதும், மேற்கல் மெல்ல இறங்கிக் கீழ்க்கல்லின்மேல் அமர்ந்தது. ஒரு கல்லும் மேலே ஏற்றப்படவில்லை. யாவும் கீழே இறங்கியவையே. அடுக்கியவன் யார் என்று கேட்பதைவிட, இடையிலிருந்ததை எடுத்தவன் யார் என்று கேட்பதே பொருந்தும்.

இந்த விளக்கத்தைக் கேட்டதும் என் மூத்த மகன் ஓர் ஆட்சேபம் எழுப்பினான். அமெரிக்காவில் கலிபோர்னியா நாட்டுப் பாலைவனத்தில் ஜோஷுவா ட்ரீ என்றொரு பெருவனப் பூங்கா உண்டு. 1936இல் தேசியச் சின்னமாகவும் 1994இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. அங்கு விடுமுறைக் காலங்களில் குடும்பங்கள் உருண்டைப் பாறைகளினிடையே கூடாரமடித்துத் தங்குவதைப் படங்களில் அவன் பார்த்திருந்தான். பாறைகள் நம்மூர்ப் பாறைகளுக்கு உடன்பிறந்தவை போலவே இருக்கும். “அங்கே மழையே இல்லையே, அப்பா, தண்ணீர் எப்படி உருட்டியது?” என்றான். நல்ல கேள்வி. அப்பாறைகள் 10 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டவை. நம்முடையவற்றோடு ஒப்பிடக் குழந்தைகள். அவை மண்ணுக்குள் உருண்டையானது, அந்நாடு இன்றுள்ளதைவிட ஈரமாயிருந்த பழங்காலத்தில். பின்னர் வானிலை மாறி நாடு வறண்டது, செடிகொடிகள் அழிந்தன, மண்ணைப் பிடித்துவைக்க வேரில்லாமையால் எப்போதோ வரும் காட்டுவெள்ளம் மொரம்பை எளிதில் வாரிச் சென்றது. பாலைவனம் அவற்றைச் செதுக்கவில்லை. திரையை விலக்கிக் காட்டியது மாத்திரமே அதன் வேலை. நம் முன்னோர் பாலையைத் தனியொரு நிலமாகக் கொள்ளாமல், மழை பொய்த்தவிடத்து முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து பாலையாகும் என்று வகுத்ததை இங்கு நினைத்துக்கொண்டேன்.

பகலின் வெப்பமும் இரவின் குளிருமே பாறையை உடைக்கின்றன என்று யான் பள்ளியிற் கற்றேன். இன்னும் பல பாடநூல்கள் அவ்வாறே கூறும். இதனை 1936இல் டேவிட் கிரிக்ஸ் என்னும் அமெரிக்கர் சோதித்துப் பார்த்தார். கருங்கல் துண்டு ஒன்றை 89,400 முறை சூடேற்றிக் குளிரச் செய்தார். நாளொன்றுக்கு ஒருமுறை எனக் கொண்டால் 244 ஆண்டுகளுக்குச் சமம். கல்லில் காணத்தக்க மாறுதல் எதுவும் நேரவில்லை. பின்னர், குளிரச் செய்யும்போது தண்ணீரைத் தெளித்தார். விரைவிலேயே கல்லின் பளபளப்புக் கெட்டு வெடிப்புகள் தோன்றின. ஆனால் வெப்பத்தை அடியோடு தள்ளிவிடவும் ஆகாது. ஏற்கனவே வெடிப்புள்ள ஏட்டுப்பாறையை வெயில் நாள்தோறும் சிறிது விரித்துச் சுருக்கி, முடிவில் பிளந்துவிடக்கூடும். 2014 ஆகஸ்டில் கலிபோர்னியாவில் ட்வெய்ன் ஹார்ட் என்னுமிடத்தில் கோடைவெயிலில் ஒரு பாறைமேடு பெருமுழக்கத்துடன் தானே ஏடுவிட்டு வெடித்ததைப் பலர் கண்ணாலேயே கண்டனர். கிரிக்ஸ் சோதித்தது கையகலத் துண்டு. மலைப்பாறையின் கதை வேறு.

இனி எங்கள் கூடாரத்தைப் பற்றிச் சொல்லலாம். காப்புக்காட்டில் வனத்துறையின் அனுமதியின்றி இரவு தங்குவது குற்றமாகும். 2018 மார்ச்சு 11ஆம் நாள் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயிற் சிக்கி மலையேறச் சென்றோரில் இருபதின்மருக்கு மேல் உயிரிழந்த கொடுமைக்குப்பின், இவ்விதிகளை எவரும் இலேசாகக் கருதலாகாது. நாங்கள் காட்டிற்குள் செல்லாமல், மலைவாழ் விவசாயி ஒருவரின் சொந்த நிலத்தில், அவர் இசைவு பெற்றே தங்கினோம். சாமை அறுவடை முடிந்து தாள் மட்டும் நின்ற நிலம். அதன் மேற்கெல்லையில் பாறைக்குன்று. அவருக்கு அறுபது வயதுக்கு மேலிருக்கும். மக்கள் அவரைத் தாத்தா என்றே அழைத்தனர்.

என் தம்பி ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்தான். குன்றின் சரிவடியில், இரண்டாள் உயரமுள்ள உருண்டைப் பாறையின் நிழலில், காற்றுக்கு மறைவான மெத்தென்ற மண்தரை. எனக்கும் அது மிகவும் சௌகரியமாகவே தோன்றிற்று. கூடாரத்தின் முளைகளை அடிக்கத் தொடங்கியபோது பெரியவர் வந்து நின்று, சற்றுநேரம் அப்பாறையைப் பார்த்தார். “இங்கே வேண்டாம், ஐயா. அந்தக் கல் மண்ணிலே உட்கார்ந்திருக்கிறது. கல்லின்மேல் உட்கார்ந்த கல்லை நம்பலாம், மண்ணிலே உட்கார்ந்ததை நம்பக்கூடாது” என்றார். தை மாதத்தில் மழை ஏது என்று என் தம்பி வாதாடினான். பெரியவர் வாதாடவில்லை; பாறையின் அடியில் ஒரு குச்சியை நுழைத்துக் காட்டினார். மொரம்பு பொடியாகி உதிர்ந்தது. குச்சி முழங்கையளவு உள்ளே சென்றது.

அவர் சொன்ன இரண்டு வாக்கியங்களில் மேலே யான் பல பத்திகளிற் கூறியதன் சாரமெல்லாம் அடங்கியுள்ளது. மாமல்லபுரத்தில் கிருஷ்ணனின் வெண்ணெய்த்திரள் என்று வழங்கும் பாறையைப் பார்த்திராத மாணவர் அரியர். ஏறத்தாழ 6 மீட்டர் உயரமும் 250 டன் எடையும் உடையதென மதிப்பிடப்படும் அக்கல், சரிவில் நின்றும் உருளாமல் பல நூற்றாண்டுகளைக் கழித்துவிட்டது. காரணம், அதன் மொரம்பு முற்றிலும் போய், கல் கல்லின்மேல் நேராகப் பதிந்துவிட்டமையே. அது தன் பிரயாணத்தை முடித்த கல். மொரம்பினிடையே இன்னும் பாதி புதைந்து நிற்கும் கல்லோ, பிரயாணத்தின் நடுவிலிருப்பது. அதன் அடியிலுள்ள மண்ணை எந்த மழை வாரிக்கொண்டு போகும் என்பதை யாரும் கணித்துச் சொல்ல இயலாது.

2024 நவம்பர் 30ஆம் நாள் பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, திருவண்ணாமலை மாவட்டத்தின்மேல் அளவிறந்த மழையைக் கொட்டிற்று. மறுநாள் டிசம்பர் 1ஆம் நாள் மாலையில், அண்ணாமலையின் சரிவிலிருந்து மண்ணும் பாறையும் சரிந்து அடிவாரத்து வ. உ. சி. நகரிலுள்ள வீட்டின்மேல் விழுந்தன. எழுவர் மாண்டனர், அவர்களில் ஐவர் குழந்தைகள். போளூருக்கும் திருவண்ணாமலைக்கும் இடையே எத்தனை கிராமங்கள் இத்தகைய சரிவுகளின் அடியில் உள்ளன என்பதை வண்டியில் செல்லும் எவரும் கண்ணாற் காணலாம். பாறைகள் பன்னெடுங்காலம் அங்கேயே நின்றன என்பது உண்மை. அதனால் இன்னும் நிற்கும் என்று கொள்வது தவறு. மரங்களை வெட்டுவதும், வீடுகட்டச் சரிவின் அடியை வெட்டிச் சமன்செய்வதும், ஓடைகளின் வழியை அடைப்பதும், மொரம்பினுள் நீர் தேங்கவும் அது இளகவும் இடந்தருகின்றன. என் மக்களுள் இளையவளுக்கு வயது ஏழு. முளைகளைப் பிடுங்கிக்கொண்டு இடம்பெயர்ந்தபோது யான் தம்பியிடம் ஒன்றும் பேசவில்லை.

பெரியவர் காட்டிய இடம், குன்றிலிருந்து நூறு தப்படி விலகிய ஒரு பாறைத்தளம். தரையோடு தரையாகப் படர்ந்து, யானையின் முதுகுபோல் நடுவில் சிறிது உயர்ந்து, மூன்று கூடாரங்களுக்கு இடம்கொள்ளும். அங்கு முளையடிக்க இயலாது; கயிறுகளைப் பெருங்கற்களிற் கட்டினோம். பாறைத்தளத்திற்கு வேறொரு குணமும் உண்டு. பகலெல்லாம் வெயிலை உண்ட கல் அதனை மெல்லவே வெளிவிடும். ஆகையால் முன்னிரவில் கீழே கணப்பு வைத்தாற்போல் இதமாயிருந்தது. விடியற்காலையில் அதற்கு நேர்மாறு. கல் குளிரை உள்ளே இழுத்துக்கொண்டு எலும்புவரை ஏற்றிற்று. பாயின்கீழ் வைக்கோல் பரப்பியிருக்கவேண்டும் என்பதை மூன்று மணிக்குக் கற்றுக்கொண்டோம். இடிமழைக் காலத்தில் இவ்விடமும் ஆகாது. வெட்டவெளிப் பாறையின் உச்சியில் நிற்பவனே மின்னலுக்கு முதற்குறி. ஓடையின் மணற்படுகையோ எக்காலத்தும் ஆகாது. மலையின்மேல் வேறெங்கோ பெய்த மழை, இங்கே வானம் தெளிவாயிருக்கும்போதே வெள்ளமாய் வரும்.

அத்துடன் எங்கள் அறிவீனம் தீரவில்லை. மாலையில் காற்று பலமாக வீசியமையால், பெரியவர் வீட்டிற்குச் சென்றிருந்த வேளையில், மக்கள் சேர்த்த சுள்ளிகளைக் குன்றோரத்தில் ஒரு பாறையின் தாழ்வாரம் போன்ற இறவாணத்தின்கீழ் வைத்து அடுப்பு மூட்டினேன். சாமை அரிசி கொதிக்கத் தொடங்கிய நேரத்தில், துப்பாக்கி வெடித்தாற்போல் ஓர் ஓசை. உள்ளங்கை அகலமுள்ள கற்செதில் ஒன்று பாறையினின்று தெறித்துப் பானையின் விளிம்பை உடைத்து, என் மகனின் முன்கையைக் கீறிச் சென்றது. காயம் பெரிதன்று, சிறிது மேலே பட்டிருந்தால் கண் போயிருக்கும்.

தண்ணீரும் காலமும் மெல்லச் செய்வதைத் தீ நொடியிற் செய்துவிட்டது. கல் வெப்பத்தை உள்ளே எளிதிற் கடத்தாது. அடுப்பின் தீ மேற்புறத்தை விரைவாகச் சுடவைக்க, அது விரிகிறது. ஒரு விரற்கடை உள்ளேயுள்ள கல் இன்னும் குளிர்ந்தேயுள்ளது. விரிய முயலும் தோல், விரியாத உடலைவிட்டு வெடித்துப் பிரியும். சூரியன் தரும் சூட்டில் இவ்வளவு வேறுபாடு இல்லாமையாலேயே கிரிக்ஸின் கல் அசையவில்லை. இவ்வியல்பைத் தென்னாட்டுக் கல்லுடைப்போர் எந்தப் புத்தகமும் இன்றி நெடுங்காலமாக அறிந்திருந்தனர். பாறைத்தளத்தின்மேல் விறகை வரிசையாக இட்டு எரித்து, தீயை மெல்ல மெல்ல முன்னே நகர்த்தி, விரல் கனமோ சாண் கனமோ உள்ள பலகைகளைப் பாறையிலிருந்து பெயர்த்தெடுப்பர். அதே வித்தையை யான் சோற்றுப்பானையை வைத்துக்கொண்டு செய்துவிட்டேன். பாறையோரத்தில் அடுப்பு மூட்டுதல் தகாது. அதிலும் மழைநீர் ஊறிய பாறை மிகவும் பொல்லாதது. பாறை இறவாணங்களில் மலைத்தேனீக்கள் கூடுகட்டியிருப்பதும் உண்டு. அவற்றின்கீழ்ப் புகையெழுப்பினவனுக்குப் புவியியல் அறிவு உதவாது.

பெரியவரின் மனைவியார் பச்சிலை அரைத்து வந்து காயத்தில் வைத்துக் கட்டி, “ஒன்றுமில்லை கண்ணு, கல் உன்னை அடையாளம் பார்த்தது” என்றார். அன்றிரவு அவர்கள் வீட்டுச் சாமைச்சோறும் கொள்ளுக்குழம்புமே எங்களுக்கு உணவாயிற்று.

உண்டபின் விளக்குகளை அணைத்துவிட்டு மல்லாந்து கிடந்தோம். ஜவ்வாது மலையின் வானம் இருளுக்குப் பேர்பெற்றது. இம்மலைத்தொடரின் வேறொரு பகுதியில், ஆலங்காயத்தையடுத்த காவலூரில், 725 மீட்டர் உயரத்தில் வானாராய்ச்சி நிலையம் அமைந்ததும் இதனாலேயே. அங்கிருந்து 1972இல் வியாழனின் துணைக்கோளான கானிமீடு ஒரு விண்மீனை மறைத்ததை நோக்கி, அத்துணைக்கோளுக்கு மெல்லிய வளிமண்டலம் உண்டென்பதற்குச் சான்று கண்டனர். 1986இல் அங்கு 2.34 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி திறந்துவைக்கப்பெற்று, நிலையத்திற்கு வைணு பாப்புவின் பெயர் சூட்டப்பெற்றது. என் மக்கள் கண்டது வெறுங்கண்ணால் காணக்கூடியதே. ஆயினும் நகரத்தில் பிறந்த அவர்கள் பால்வீதியை மேகமென்று எண்ணி, மழை வருமோ என அஞ்சியதை இங்குக் குறிக்காமல் இருக்க முடியவில்லை.

இப்பாறைகளினிடையே குடும்பத்தோடு வழிநடந்தவர்கள் நாங்கள் முதல்வரல்லர். பத்துப்பாட்டில் இறுதியாகிய மலைபடுகடாம், செங்கண்மாவை ஆண்ட நன்னனைக் காணச் செல்லும் கூத்தர் சுற்றத்திற்கு இப்பகுதியிலேயே வழிகாட்டுகின்றது. அதிற் கூறப்படும் நவிரம் என்னும் மலை, போளூரை அடுத்த பருவதமலையே என அறிஞர் கொள்வர். சேயாறு இன்று செய்யாறு. பெண்டிரும் சிறுவரும் இசைக்கருவிகளின் மூட்டைகளுமாகச் செல்லும் அக்கூட்டத்திற்குப் புலவர் கூறும் எச்சரிக்கைகள் மிகவும் நடைமுறையானவை. தினைப்புனம் காப்போர் யானைமேல் எறியும் கவண்கற்கள் வந்து விழும், மரத்தின் மறைவில் ஒதுங்குக; பாசி வழுக்கும் இடத்தில் கொடியைப் பற்றிக்கொள்க; இருட்டினால் குகையிற் புகுந்து தங்குக என்றெல்லாம் அது வழிப்படுத்தும். வழியிலுள்ள நடுகற்களை வணங்கிச் செல்லுமாறும் கூறும். 1970களின் தொடக்கத்தில் செங்கம் வட்டாரத்து நடுகற்களைத் தொல்லியல் துறையினர் தேடிப் பதிவு செய்தபோது கிடைத்த எண்ணிக்கையைக் காணின், புலவர் கூறியது கற்பனையன்று என்பது விளங்கும்.

காலையில் பெரியவர் எங்களைச் சிறிது தூரம் அழைத்துச்சென்று, மூன்று பக்கம் பலகைக்கல் நிறுத்தி மேலே ஒரு பலகை மூடிய கற்திட்டைகளைக் காட்டினார். இரும்புக்காலத்து மக்கள் இறந்தோர்க்கெனக் கட்டியவை இவை. குள்ளர் வாழ்ந்த வீடுகள் என்பது மலைமக்களிடையே வழங்கும் கதை. பாறை தன் பாரம் குறைந்தபோது தானே ஏடு ஏடாக வெடித்தமையாலன்றோ, இரும்புக்காலத்து மனிதன் இவ்வளவு பெரிய பலகைகளை எடுக்க முடிந்தது! மலையின் வெங்காயத்தோலை உரித்து அவன் தன் முன்னோர்க்கு வீடுகட்டினான். ஒரு திட்டையின் மூடுகல் அண்மையில் உடைக்கப்பட்டுக் கிடந்தது. உடைந்த முகம் இன்னும் புதுமை மாறாமல் பளபளத்தது. புதையல் தேடி யாரோ இரவில் வந்து போனதாகப் பெரியவர் கூறினார். உள்ளே என்ன இருந்தது என்று மகன் கேட்டான். “மண்ணும் உடைந்த சட்டியும் இருந்திருக்கும். அதற்கு மேல் என்ன இருக்கும்?” என்றார். அவருடைய தகப்பனார் காலத்தில் அந்த வரிசையில் பதினேழு திட்டைகள் முழுதாய் நின்றனவாம். நாங்கள் ஐந்தை எண்ணினோம்.

மலையிறங்கித் திருவண்ணாமலைச் சாலையிற் செல்லும்போது கலசபாக்கத்தருகே செய்யாற்றின் கரையில் வண்டியை நிறுத்தினோம். ஆண்டுதோறும் ரதசப்தமியன்று அண்ணாமலையார் தீர்த்தவாரிக்கு எழுந்தருளும் ஆறு அது. நீர் ஒரு சிறு வாய்க்காலளவே ஓடிற்று, எஞ்சியதெல்லாம் மணல். இளையவள் ஒரு பிடி அள்ளி வெயிலிற் பிடித்துப் பார்த்தாள். கண்ணாடி போன்ற மணிகள் மிகுதி. இடையிடையே காக்காப்பொன்னின் மினுக்கு. மூலை மழுங்காத ஓரிரண்டு வெண்துணுக்குகள். பாறைகளினிடையே இருந்ததை எடுத்தது யார் என்ற கேள்விக்கு விடை அவள் கையில் இருந்தது. இம்மணல் இங்கிருந்து பாலாற்றிற் சேர்ந்து கடலுக்குச் செல்லும் என்றேன். கடலுக்கு எத்தனை நாளிற் போய்ச்சேரும் என்று கேட்டாள். அப்போது கரையோரமாய் மணல் ஏற்றிய மாட்டுவண்டிகள் இரண்டு எங்களைக் கடந்து ஊர்ப்பக்கம் சென்றன. அவள் அவற்றையும் கையிலிருந்த மணலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.